மூணு தடவை கூப்பிட்ட பேர்

அத்தியாயம் 17

போன வாரம் ஜெயசித்ராவை ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் ஸ்டாப்பில், பஸ் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக விட்டுவிட்டுப் போய்விட்டேன். அதற்கு வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. சிவகாசி வாசகி ஒருவர் போனே போட்டுவிட்டார். "அந்தப் பொம்பளைய நீங்க பஸ்ல ஏத்துவீங்களா, இல்ல நான் வந்து ஏத்திவிடவா?"

ஏற்றியாச்சு தாயே. ஏற்றியது நானில்லை, அவள் புருஷன் வேல்பாண்டி. "ஏறுட்டி, பின்னால ஆளு நிக்கிது" என்று முதுகில் கை வைத்து ஒரு தள்ளு. மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற மனுஷன். பதினேழு வாரத்தில் இந்தக் கதையில் அவன் உருப்படியாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னலோரம் மகள் விஜி, நடுவில் ஜெயசித்ரா, இந்தப் பக்கம் வேல்பாண்டி. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வாசலில் இறங்குகிற வரைக்கும் ஜெயசித்ரா மடியில் இருந்த பையை விடவே இல்லை.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

ஜெயசித்ரா பேண்டேஜ் கம்பெனியில் பதினாலு வருஷம் மடிப்பு டேபிளில் நின்றவள். ஆறு வருஷமாக அவளுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. தினமும் ஒரு மாத்திரை. அது பாட்டுக்கு அது, இவள் பாட்டுக்கு இவள். புருஷனுக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும். அவர்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. எப்படி வந்தது என்று கேட்பீர்கள். வக்கீல் பிளஸ்ஸியிடம் இதை யாராவது கேட்டால், "அதைக் கேக்குறது சட்டத்துலயும் கிடையாது, மரியாதையிலயும் கிடையாது" என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடுவாள். நானும் அதையே சொல்லிக்கொள்கிறேன்.

போன வருஷம் கம்பெனியில் சுகர் டெஸ்ட் என்று சொல்லி எல்லாரிடமும் ரத்தம் எடுத்தார்கள். கேட்காமலே எச்.ஐ.வி.யும் பார்த்துவிட்டார்கள். மேனேஜர் இவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நீயா வேலைய விட்டு நின்னுக்கிட்டா ஊருக்குத் தெரியாது. கேள்வி கேட்டா தெரிஞ்சுபோகும்" என்று காகிதத்தை நீட்டினார். அவளும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டாள். அந்த ஒரு வார்த்தைதான் அவள் கழுத்தில் போட்ட கயிறு. வேலை போனால் வேறு வேலை தேடலாம். பேர் போனால் எங்கே போய்த் தேடுவது?

பிளஸ்ஸி விடவில்லை. கேஸ் போட்டாள். கேஸ் முடிகிறவரை வேலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு மனுவும் போட்டாள். இந்த மாதிரி கேஸில் சொந்தப் பேரை வெளியே விடாமல் வேறு பேரில் நடத்தலாம் என்று சட்டமே சொல்கிறது. அதற்கும் உத்தரவு வாங்கினாள். மூணு மாசம் முன்னால் போன் போட்டு, "அக்கா, சட்டுனு ஒரு பேரு சொல்லுங்க" என்று கேட்டபோது ஜெயசித்ரா அடுப்படியில் நின்றாள். குக்கர் மூணாவது விசில் அடித்துக்கொண்டிருந்தது. "வெங்கடேஸ்வரின்னு போட்டுக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைக்க ஓடினாள்.

அந்தப் பேரை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குடும்பத்தில் ஒருத்தரும் வைத்துக்கொள்ளவில்லை.

பயத்தில் இரண்டு வாய்தாவுக்கு ஜெயசித்ரா போகவே இல்லை. இன்று வந்து நேரில் பதில் சொல்லாவிட்டால் மனு தள்ளுபடி என்று ஜட்ஜம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இதில் விஜிக்குக் கல்யாணம் பேசி, அய்யனார் கோவிலில் வைத்துப் பெண் பார்த்து, பூவும் வைத்தாச்சு. மாப்பிள்ளை கௌதம்ராஜ் தங்கமான பையன். அவனுடைய அப்பா பாண்டிதுரை போலீஸ் ஏட்டு. அந்த ஏட்டுக்குப் போன திங்கட்கிழமையிலிருந்து இதே ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டூட்டி.

ஜெயசித்ரா பஸ் படியில் நிற்கும்போது கௌதம்ராஜ் விஜிக்குப் போன் போட்டுச் சொன்னது இதைத்தான்.

* * *

"மாமா பாத்துட்டு என்ன ஏதுன்னு கேட்டா என்னப்பா சொல்றது?" என்று பஸ்ஸில் கேட்டாள் விஜி.

"அதெல்லாம் நான் யோசிச்சுட்டேன். பிளவக்கல்ல ஒரு எடம் வாங்குனோம், அதுல வில்லங்கம், அதான் கேஸ்னு சொல்லிருவோம்."

"பிளவக்கல்ல நமக்கு ஒரு சாண் எடம் கிடையாதுங்க" என்றாள் ஜெயசித்ரா.

"அவருக்கு அது எப்படித் தெரியும்?"

சப் கோர்ட் வராண்டாவில் கூட்டம். பிளஸ்ஸி கறுப்புக் கோட்டோடு எதிரே ஓடி வந்தாள். முப்பத்தொரு வயசு. அவள் நடந்து நான் பார்த்ததில்லை.

"அக்கா! வந்துட்டீங்களா? இயேசப்பாவுக்கு ஸ்தோத்திரம். பயப்படாதீங்க, உங்க பேரைக் கூப்பிடவே மாட்டாங்க. உள்ள போனதும் கதவை அடைச்சிருவாங்க. நான் முன்சீப் கோர்ட்டுல ஒரு வாய்தா வாங்கிட்டு அஞ்சு நிமிஷத்துல வாரேன்."

சொல்லிவிட்டு ஓடியே போய்விட்டாள். இவர்கள் மூன்று பேரும் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

உட்கார்ந்து ஒரு நிமிஷம் ஆகவில்லை. காக்கிச் சட்டையும் கையில் கட்டுக் காகிதமுமாக வந்து நின்றார் பாண்டிதுரை.

"என்ன மச்சான், இங்கிட்டு?"

வேல்பாண்டி எழுந்த வேகத்தில் பெஞ்சு ஆடியது. "ஒண்ணுமில்ல மச்சான். பிளவக்கல்ல ஒரு எடம். அதுல சின்ன வில்லங்கம்."

"பிளவக்கல்லயா? சொல்லவே இல்லையே. எம்புட்டு இருக்கும்?"

"ஒரு... ஒண்ணரை ஏக்கர்."

"கெணறு இருக்கா?"

"ரெண்டு இருக்கு."

விஜி அப்பாவின் காலை மிதித்தாள். ஒண்ணரை ஏக்கருக்கு ரெண்டு கிணறு! புளுகுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

ஏட்டு "நல்லது மச்சான்" என்றார். ஜெயசித்ராவைப் பார்த்து, "நல்லாருக்கீங்களா சம்பந்தியம்மா?" என்றார். அவள் தலையை ஆட்டினாள். போவார் என்று பார்த்தால் போகவில்லை. பக்கத்துத் தூணில் சாய்ந்து காகிதத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

பேரைக் கூப்பிட மாட்டார்கள் என்று பிளஸ்ஸி சொன்னது ஜெயசித்ராவுக்கு நினைவிலேயே இல்லை. போலீஸ்காரர் காதுக்கு எட்டடி தூரத்தில் அவள் பேரைக் கூப்பிட்டால்? எதற்கு இந்தக் கேஸ் என்று அவர் உள்ளே எட்டிப் பார்த்தால்? மகள் தலையில் வைத்த பூ வாடுவதற்குள் எல்லாம் முடிந்துபோகுமே. எழுந்து வீட்டுக்கே போய்விடலாமா என்று இருந்தது அவளுக்கு.

கூப்பிட ஆரம்பித்தார்கள். சிவப்புப் பட்டை போட்ட டவாலி வாசலில் வந்து நின்று ஒவ்வொரு பேரையும் மூன்று தடவை கூப்பிடுவார். வராண்டாவின் அந்தக் கோடிவரைக்கும் கேட்கும்.

"முத்துக்குமரன்! முத்துக்குமரன்! முத்துக்குமரன்!"

நம் பேர் இல்லை. ஜெயசித்ரா மூச்சு விட்டாள்.

"வெள்ளத்தாய்! வெள்ளத்தாய்! வெள்ளத்தாய்!"

இதுவும் இல்லை. ஒரு அம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு ஓடினாள்.

"வெங்கடேஸ்வரி!"

அப்பாடா, இதுவும் நம் பேர் இல்லை. ஜெயசித்ரா நெற்றி வேர்வையைத் துடைத்தாள்.

ஒருத்தரும் எழவில்லை. டவாலி கண்ணைச் சுருக்கி வராண்டாவைப் பார்த்தார்.

"வெங்கடேஸ்வரி!"

"பாவம், யாரோ. பஸ் கிடைக்கல போல" என்று ஜெயசித்ரா மகளிடம் சொன்னாள்.

"பஸ்சு என்ன பஸ்சு! முன்னாடியே கெளம்பணும். கூப்பிடும்போது ஆளு இருக்கணும்ல? இதுகளுக்கெல்லாம் பொறுப்பே கிடையாது" என்றான் வேல்பாண்டி. பொறுப்பைப் பற்றிப் பேசுகிற ஆளைப் பாருங்கள்.

விஜி முன்சீப் கோர்ட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள், பிளஸ்ஸி வருகிறாளா என்று. டவாலி மூன்றாவது தடவைக்கு மூச்சு இழுத்தார்.

அப்போது ஏட்டு தூணை விட்டு நகர்ந்து ஜெயசித்ரா பக்கம் குனிந்தார். காகிதத்தைப் பார்ப்பதுபோலவே மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி, வெங்கடேஸ்வரின்னு ஒரு பொம்பளைய ரொம்ப நேரமா கூப்பிடுறாங்க. அந்தப் பொம்பளைக்கு ரெண்டு வாய்தாவா பயம்போல, வரவே இல்ல. நீங்க ஒரு எட்டு உள்ள போய் நின்னா நல்லாருக்கும்."

ஜெயசித்ராவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அடுத்த நொடி குக்கர் சத்தம் காதுக்குள் கேட்டது. அடுப்படி, போன், விசில்.

"அடியாத்தி! நான்தான்!"

"வெங்கடேஸ்வரி!" என்று டவாலி முடிப்பதற்குள், "வந்துட்டேன்யா, வந்துட்டேன்!" என்று ஓடினாள். மடியில் இருந்த பை கீழே விழுந்து சாப்பாட்டு டப்பா உருண்டது. எதிர்ப் பக்கத்திலிருந்து பிளஸ்ஸி கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வாசலைத் தாண்டினார்கள்.

ஜட்ஜம்மா மற்ற எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். கதவு அடைத்துக்கொண்டது. ஏட்டு ஒரு நாற்காலியை இழுத்து அந்தக் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

* * *

உள்ளே ஏழெட்டுப் பேர்தான். அம்புட்டுப் பெரிய ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

கூண்டில் ஏறியதும் ஜெயசித்ரா விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். கம்பெனி மேனேஜரை எட்டு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறாள். அவர் இவளைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வேலை பாத்தீங்கம்மா?" என்று ஜட்ஜம்மா கேட்டார்.

"துணி மடிக்கிறதுங்கம்மா. காயத்துல வைக்கிற வலைத்துணி. ஓரம் உள்ள போகணும், பிசிறு வெளிய தெரியக் கூடாது. ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து எறநூறு மடிப்பேன்." மடிப்பைச் சொல்லச் சொல்ல அவள் கை பிடியை விட்டுவிட்டுத் தானாகக் கூண்டின் விளிம்பில் மடித்தது.

பிளஸ்ஸி எழுந்தாள். ஓடுகிற பெண் இங்கே நிதானமாக நின்று பேசினாள். சம்மதம் கேட்காமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்தது முதல் தப்பு. அதை வைத்து வேலையை விட்டு நிறுத்தியது இரண்டாவது தப்பு. வெளியே சொல்லிவிடுவேன் என்று மிரட்டிக் கையெழுத்து வாங்கியது மூன்றாவது. 2017-ல் வந்த சட்டத்தையும் டாக்டர் சான்றிதழையும் எடுத்து வைத்தாள். ரத்தத்தில் வைரஸ் பரிசோதனையில் சிக்காத அளவுக்குக் குறைந்திருக்கிறது, எந்த வேலையும் பார்க்கலாம் என்று அதில் எழுதியிருந்தது.

கம்பெனி வக்கீல் வயசானவர். குரலில் இரக்கத்தைக் குழைத்துக்கொண்டு வந்தார்.

"உங்க மேல எங்களுக்கு ஒரு கோபமும் இல்லம்மா. ஆனா உங்க கை பட்ட துணி காயம்பட்டவங்க உடம்புல போகுது. அவங்களுக்கு ஒண்ணுன்னா யாரு பொறுப்பு?"

ஜெயசித்ரா ஜட்ஜம்மாவைப் பார்த்தாள். "நான் சொல்லலாங்களாம்மா?"

"சொல்லுங்க."

"ஐயா, தொட்டா ஒட்டாதுன்னு டாக்டரே எழுதிக் குடுத்திருக்காக. அதை ஒரு ஓரமா வைங்க. நான் மடிக்கிற துணி நேரா ஆஸ்பத்திரிக்கா போகுது? பெட்டிக்குள்ள வச்சு ஆவியில அவிக்கிறாக. பொறவுதான் டப்பாவுல போடுறது. கிருமி நீக்கியதுன்னு டப்பா மேல கம்பெனிதான் அச்சடிக்குது. எல்லாக் கிருமியும் அதுல செத்துப்போகும்னா, என்னுது மட்டும் எப்படிய்யா உசுரோட இருக்கும்? அது சாகாதுன்னு நீங்க சொன்னா, டப்பாவுல அடிச்சிருக்கிறது பொய்யின்னு ஆகிருமே?"

கம்பெனி வக்கீல் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். மேனேஜர் மறுபடியும் செருப்பைப் பார்த்தார். ஜட்ஜம்மா பேனாவை எடுத்து என்னமோ எழுதினார். எழுதும்போது உதட்டோரம் லேசாகச் சிரித்தார் என்று பிளஸ்ஸி பிறகு சத்தியம் பண்ணினாள்.

"வேற கேள்வி இருக்கா?"

"இல்லைங்கம்மா" என்றார் பெரியவர்.

"மூணு மணிக்கு உத்தரவு."

* * *

வெளியே வேல்பாண்டி வராண்டாவை அளந்துகொண்டிருந்தான்.

"ஏட்டி விஜி, அவரு தங்கச்சின்னாரே, கேட்டியா? பூ வச்ச அன்னைக்குக்கூட சம்பந்தியம்மான்னுதான சொன்னாரு. வெங்கடேஸ்வரி யாருன்னு அவருக்கு எப்படித் தெரியும்? நீ கௌதம்ட்ட சொன்னியா?"

"சத்தியமா இல்லப்பா. அம்மா சம்மதிக்காம நான் எப்படிச் சொல்லுவேன்?" விஜிக்குக் கண் கலங்கிவிட்டது. "சம்பந்தம் வேண்டாம்னு சொல்லிருவாரோ?"

"வேண்டாம்னு சொல்ற மனுஷன் எதுக்கு எந்திருச்சு வந்து சொல்லப் போறான்?" என்றான் வேல்பாண்டி. அவனுக்கே நம்பிக்கை இல்லாமல்தான் சொன்னான்.

கதவைத் திறக்க வந்த இரண்டு பேரை ஏட்டு, "உள்ள போகக் கூடாது, விசாரணை" என்று திருப்பி அனுப்பியதை அப்பனும் மகளும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

மூன்று மணிக்கு மறுபடி கதவு அடைத்தது. மூன்றே காலுக்குத் திறந்தது. முதலில் மேனேஜர் வந்தார், யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார். அடுத்து பிளஸ்ஸி. இன்றைக்குத்தான் அவள் நடந்து வந்தாள்.

"திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லியாச்சு. அதே டேபிள், அதே சம்பளம். கேஸ் முடியுற வரைக்கும் ஒருத்தரும் கை வைக்க முடியாது. அக்கா பேரு கம்பெனியில இருந்து வெளிய போச்சுன்னா மேனேஜர்தான் கோர்ட்டுக்கு வந்து பதில் சொல்லணும்."

பின்னால் ஜெயசித்ரா வந்தாள். வேல்பாண்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். எட்டு மாதமாக அவள் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. அவள் அந்த வராண்டாவிலேயே, அத்தனை பேர் நடுவிலே, மகள் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அழுது முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "சாப்பாட்டு டப்பாவ எடுத்தியா?"

* * *

கோர்ட்டுக்கு எதிரே டீக்கடை. பிளஸ்ஸி அடுத்த கேஸுக்கு ஓடிவிட்டாள். நான்கு டீயைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார் பாண்டிதுரை.

"மச்சான், அந்தப் பிளவக்கல் எடத்தை எப்ப காட்டப் போறீங்க? ரெண்டு கெணறுல ஒண்ண என் மருமகளுக்குச் சீரா குடுத்திருங்க."

வேல்பாண்டி வழிந்தான். விஜி சிரித்துவிட்டாள். ஜெயசித்ரா மட்டும் டீயைத் தொடவில்லை.

"அண்ணே, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் டீயை ஒரு மடக்குக் குடித்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"மதுரை பெரியாஸ்பத்திரி. மாத்திரை குடுக்கிற எடம். நீங்க ஜன்னல் பக்கத்து பெஞ்சுல உக்காருவீங்க. நான் கடைசி பெஞ்சு. சாதாரண சட்டை, மூஞ்சியில கர்ச்சீப்பு." குரல் தணிந்தது. "நானும் அதே வரிசைதான் தங்கச்சி. நாலு வருஷமாச்சு."

விஜி கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள்.

"உள்ளூர்க்காரவுக கண்ணுல படக் கூடாதுன்னுதான் அம்புட்டுத் தூரம் போனேன்" என்றார்.

"நாங்களும் அதுக்குத்தான் போனோம்" என்றாள் ஜெயசித்ரா.

"பொண்ணு பாக்க அய்யனார் கோவிலுக்கு வந்த அன்னைக்கு உங்களப் பாத்ததும் எனக்குக் கை காலு ஓடல. நீங்க என்னைய அங்க பாத்திருப்பீங்களோ, சம்பந்தமே வேண்டாம்னு சொல்லிருவீங்களோன்னு தூக்கமே போச்சு. இன்னைக்கு வெங்கடேஸ்வரிங்கிற பேருல கதவடைச்சு விசாரிக்கிற கேஸ் ஒண்ணு வருது, ரெண்டு வாய்தாவா ஆளு வரலைன்னு கையில இருந்த லிஸ்ட்டுல பாத்திருந்தேன். பெஞ்சுல உங்களப் பாத்தேன். மச்சான் ரெண்டு கெணறு வெட்டுனாரு. அப்பவே புரிஞ்சுபோச்சு." சொல்லிக்கொண்டே வந்தவர் கண்ணைத் துடைத்தார். "என் வீட்டுக்காரிக்குத் தெரியும். அவளுக்கு ஒண்ணும் இல்ல. டிபார்ட்மென்ட்டுக்குத் தெரியாது. தெரிஞ்சா வேலை போயிருமோன்னு தெனமும் செத்துச் செத்துப் பொழைக்கிறேன். கௌதமுக்கும் தெரியாது."

வேல்பாண்டி எழுந்து வந்து அவர் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். என்ன சொல்வது என்று தெரியாமல் தன் டீயில் பாதியை அவர் டம்ளரில் ஊற்றினான்.

"அந்த வக்கீலம்மா நம்பர் குடுங்க தங்கச்சி" என்றார் ஏட்டு. "எனக்கும் ஒரு பேரு வேணும்ல. என்ன பேரு வைக்கலாம்?"

ஜெயசித்ரா அழுதுகொண்டே சிரித்தாள். "எந்தப் பேர வேணாலும் வைங்கண்ணே. ஆனா கூப்பிட்டா திரும்பிப் பாக்குற பேரா வைங்க."

நான்கு பேரும் சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். இந்தக் கதையில் இந்த இரண்டு குடும்பமும் சேர்ந்து சிரித்தது இதுதான் முதல் தடவை.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் விஜியின் போன் அடித்தது. திரையில் கௌதம்ராஜ். கோர்ட்டில் என்ன வேலை என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான், இவளும் மழுப்பிக்கொண்டே இருக்கிறாள். எடுக்கவா வேண்டாமா என்று அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஏட்டைப் பார்த்தாள்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. பாண்டிதுரை மடியில் இருந்த தொப்பியை எடுத்துப் பெஞ்சில் வைத்தார். கையை நீட்டினார்.

"குடு தாயி. நான் பேசுறேன்."